ஐரோப்பாவுக்குப் பணம் அனுப்பும் மண்ணடி வணிகர்களுக்கு: கணக்கு மாற்ற மோசடியைத் தடுப்பதும், நடந்துவிட்டால் செய்யவேண்டியதும்

லிங்கி செட்டி தெரு, தம்பு செட்டி தெரு, அங்கப்பன் நாயக்கன் தெரு எனத் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் பம்பு, வால்வு, பேரிங், படகு எஞ்சின் உதிரிபாகங்கள் விற்கும் கடைகளுள் சில, இத்தாலியிலோ ஜெர்மனியிலோ உள்ள நடுத்தர ஆலைகளிடமிருந்து ஆண்டுக்கணக்கில் சரக்கு எடுத்து வருபவை. முதலாளி அந்த ஆலைக்கு ஒருமுறை போய் வந்திருக்கலாம், போகாமலும் இருக்கலாம். விலை பேசுவதும், ஆர்டர் போடுவதும், பில் வருவதும் மின்னஞ்சலில்தான். அந்த மின்னஞ்சலுக்குள் மூன்றாவது ஆள் ஒருவன் புகுந்து, சரக்குக்கான தொகையைத் தன் கணக்குக்குத் திருப்பிக்கொள்வதே இங்கே பேசப்படும் மோசடி. இதைத் தடுக்கச் சில நிமிட வேலை போதும். நடந்த பிறகு பணத்தை மீட்பதற்கோ, ஐரோப்பியக் குற்றவியல் நடைமுறையின் போக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல், உதவ முடியாத அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதில்தான் முதல் சில நாள்கள் வீணாகின்றன.

மோசடி நடக்கும் விதம்

இரு தரப்பில் ஒருவருடைய அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் திருடப்படுகிறது. திருடியவன் உடனே எதுவும் செய்வதில்லை. பழைய கடிதங்களைப் படித்து, யார் யாருக்கு எந்தத் தொனியில் எழுதுகிறார்கள், சரக்கு எந்த வாரம் கப்பலேறுகிறது, அட்வான்ஸ் எத்தனை சதவீதம், மீதி எப்போது என்பதையெல்லாம் தெரிந்துகொள்கிறான். பணம் கைமாற வேண்டிய வாரத்தில், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் தொடர்ச்சியாகவே அவனுடைய கடிதம் வருகிறது. பில்லில் ஆலையின் முத்திரை, பொருள் விவரம், தொகை அனைத்தும் அசலாக இருக்கும். கணக்கு எண் மட்டும் வேறு. தணிக்கை நடப்பதாலோ வரிச் சிக்கலாலோ பழைய கணக்கு தற்காலிகமாக முடங்கியிருப்பதாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கும்.

அந்தக் கடிதம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில் வருவது தற்செயலன்று. மத்திய ஐரோப்பாவின் கடிகாரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியது. அங்கே சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. புனித வெள்ளியை அடுத்த திங்கட்கிழமையும் வங்கித் தீர்வு கிடையாது. "அண்ணாச்சி, பார்ட்டி பேங்க்கை மாத்திட்டாங்களாம், இன்னைக்கே போட்டா ரெண்டு பர்சென்ட் குறைக்கிறாங்களாம்" என்று கணக்குப் பார்க்கும் பையன் சொல்லும்போது, அவசரமும் தள்ளுபடியும் சேர்ந்து வருவதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐரோப்பிய வங்கிக் கணக்குகள் ஐபேன் என்ற பன்னாட்டுத் தர எண்ணால் குறிக்கப்படுகின்றன. அதன் முதல் இரண்டு எழுத்துகள் கணக்கு இருக்கும் நாட்டைச் சொல்லும். அடுத்த இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்பு எண்கள். மீதமுள்ளவை வங்கியையும் கணக்கையும் குறிப்பவை. மொத்த நீளம் நாட்டுக்கு நாடு மாறுபடும். ஒரு நாட்டுக்குள் மாறாது. இத்தாலி, பிரான்சு ஐபேன்களில் 27 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். ஜெர்மனியில் 22, ஸ்பெயினில் 24, நெதர்லாந்தில் 18, பெல்ஜியத்தில் 16, லித்துவேனியாவில் 20.

ஓர் எடுத்துக்காட்டு. மிலான் அருகே உள்ள வால்வு ஆலையின் பழைய பில்லில் கணக்கு எண் ஐ, டி என்ற எழுத்துகளில் தொடங்கி 27 இடங்கள் வரை நீள்கிறது. புதிய பில்லில் எல், டி என்று தொடங்கி 20 இடங்களில் முடிந்துவிடுகிறது. கண்ணால் பார்த்தாலே எண் குட்டையாகிவிட்டது தெரியும். ஆலை மிலானில், கணக்கோ லித்துவேனியாவில். இணையத்திலேயே கணக்கு திறந்து தரும் மின்பண நிறுவனங்கள் பல லித்துவேனியாவில் உரிமம் பெற்றிருப்பதால், அந்த நாட்டு எண்கள் நேர்மையான வணிகர்களிடமும் புழங்குகின்றன. யூரோ செலுத்துதலில் வேற்று நாட்டு ஐபேனை மறுக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 260/2012 எண் ஒழுங்குமுறையே சொல்கிறது. ஆகவே நாடு மாறியிருப்பது மோசடிக்கு நிரூபணம் ஆகாது. ஆனால் கணக்கு மாறியதோடு நாடும் மாறியிருந்தால், தொலைபேசியில் உறுதிப்படுத்தும் வரை ஒரு யூரோகூட நகரக்கூடாது.

சரிபார்ப்பு எண்கள் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அவை 97ஆல் வகுத்து மீதி பார்க்கும் கணக்கின்படி அமைந்தவை. தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. இணையத்தில் ஏதோ ஒரு தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து "செல்லும்" என்று பச்சை விளக்கு எரிந்தால், அப்படி ஓர் எண் அமைய முடியும் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை.

பெயர் பொருந்துகிறதா என்பதை வங்கி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுப் பணச்சேவைச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி, கொடுக்கப்பட்ட கணக்கு எண்ணுக்குப் பணம் சேர்ந்துவிட்டால் வங்கி தன் கடமையைச் சரியாகச் செய்ததாகவே கருதப்படும். மேலே ஆலையின் பெயரை எழுதியிருந்ததால் பொறுப்பு வங்கியின் மேல் விழாது. இந்த ஓட்டையை அடைக்கவே 2024/886 எண் ஒழுங்குமுறை வந்தது. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரும் ஐபேனும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு யூரோ பணப்பரிமாற்ற வலயத்துக்குள் நடக்கும் செலுத்துதல்களுக்கு உரியது. சென்னையிலிருந்து ஸ்விஃப்ட் என்ற பன்னாட்டு வங்கிச் செய்தி வலை வழியாகப் போகும் பணத்துக்கு அது கிடையாது. ஐரோப்பியக் கூட்டாளி "எங்கள் வங்கிகள் பெயரைச் சரிபார்க்கின்றன" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மைதான். நம் பணத்துக்கு அது உதவாது.

அனுப்பும் முன் செய்யவேண்டியவை

முதலும் முக்கியமுமானது தொலைபேசி அழைப்பு. புதிய பில்லிலோ புதிய கடிதத்திலோ இருக்கும் எண்ணை அழைக்கக்கூடாது. அது திருடனே கொடுத்த எண்ணாக இருக்கும். முதல் ஒப்பந்தத்தில் இருந்த எண்ணையோ, பழைய விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணையோ அழைத்து, தெரிந்த குரலோடு பேசி, ஐபேனின் கடைசி ஆறு இலக்கங்களை அவர் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். நாம் படித்துக்காட்டி அவர் ஆமாம் போடுவது சரிபார்ப்பு ஆகாது. குரலைப் போலி செய்யும் கருவிகள் வந்துவிட்டதால், கூடுமானால் காணொளி அழைப்பு நல்லது. "கணக்கு மாற்றத்தைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் ஏற்க மாட்டோம்" என்ற ஒரு வரியை ஆர்டர் படிவத்திலேயே அச்சிட்டுவிட்டால், பின்னாளில் யார் பொறுப்பு என்ற வாக்குவாதத்தில் அது நம் பக்கம் நிற்கும்.

அடுத்தது அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்ப்பது. ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும். சிறிய எல் எழுத்தும் எண் ஒன்றும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும். கைப்பேசித் திரை பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுவதால், பணம் பற்றிய கடிதங்களைக் கணினியில் திறப்பதே நல்லது. சில சமயம் கடிதம் அசல் முகவரியிலிருந்து வந்தும், பதில் போகும் முகவரி மட்டும் வேறாக இருக்கும்.

புதிய பார்ட்டியாக இருந்தால் இரண்டு பொதுப் பதிவுகளைப் பார்க்கலாம், இரண்டும் இலவசம். ஒன்று, ஐரோப்பிய ஆணையம் நடத்தும் வியெஸ் என்ற தளம். ஆலையின் மதிப்புக் கூட்டு வரி எண் நடப்பில் உள்ளதா என்று அது சொல்லும். ஜெர்மானிய எண்ணாக இருந்தால் உண்டு, இல்லை என்பதோடு நின்றுவிடும். பெயரும் முகவரியும் காட்டாது. மற்றொன்று, ஐரோப்பிய மின்நீதித் தளத்தில் உள்ள நிறுவனத் தேடல். உறுப்பு நாடுகளின் வணிகப் பதிவேடுகள் 2017 முதல் அதன் வழியாக இணைக்கப்பட்டிருப்பதால், நிறுவனம் எப்போது பதிவானது, முகவரி எது என்பதைப் பார்த்துவிடலாம். இரண்டுமே ஆலை உண்மையானதா என்பதற்குச் சான்று. கணக்கு அந்த ஆலையுடையதா என்பதற்கு அல்ல. உண்மையான ஆலையின் பெயரில்தானே திருடன் எழுதுகிறான்.

உங்கள் அஞ்சல் பெட்டியில் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். அமைப்புகள் பகுதியில், நீங்கள் வைக்காத முன்னனுப்பல் விதியோ வடிகட்டியோ இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். "இன்வாய்ஸ்" என்ற சொல் வரும் கடிதங்களைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பும் ஒரு விதியை வைத்துவிட்டுப் போவது இந்தத் திருடர்களின் வழக்கம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும்.

பணம் போய்விட்டது தெரிந்ததும்

எதற்கும் முன்பு வங்கி. கிளை மேலாளரோடு தொலைபேசியில் பேசுவது தேவை. ஆனால் அது போதாது. பணம் அனுப்பிய கிளைக்கும் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கும், மோசடியால் போன பணத்தை உடனே திரும்பக் கோரும் ஸ்விஃப்ட் செய்தி அனுப்பும்படி எழுத்தில் கேட்டு, நேரம் குறிப்பிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். ஸ்விஃப்ட் காப்பியையும், அந்தப் பரிமாற்றத்துக்குரிய யூ.ஈ.டி.ஆர். என்ற 36 இட எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது, இடைவங்கியைத் தாண்டிவிட்டதா என்பதை அந்த எண்ணை வைத்து வங்கியால் பார்க்க முடியும். இடைவங்கியிலேயே இருந்தால் நிறுத்துவது எளிது. பெறுபவர் கணக்கில் ஏறிவிட்டால், திரும்ப எடுக்கக் கணக்கு வைத்திருப்பவரின் சம்மதமோ சட்ட உத்தரவோ தேவைப்படும். ஆனால் மோசடி என்று எச்சரிக்கப்பட்ட வங்கி, கறுப்புப் பணத் தடுப்புச் சட்டக் கடமைப்படி அந்தக் கணக்கைக் கவனிக்கத் தொடங்கும். அதனால் பெறும் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு நீங்களும் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். கணக்கு யாருடையது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். வங்கி ரகசியமும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குத் தடை. பணம் வெளியேறாமல் இருப்பதுதான் அப்போது வேண்டியது. பெயர் பிறகு வரட்டும்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைக் காட்டி, மூன்று நாளில் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிமாற்றங்களுக்கு உரியது அது. இங்கே படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பியது நீங்களே என்பதால் அதை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம். திரும்பக் கோரும் செய்தியை வங்கி தாமதப்படுத்தினால் அது சேவைக் குறைபாடு. வங்கிக்கு எழுதி 30 நாளில் தக்க பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

சான்றுகளைக் கெடுக்காமல் வைத்தல்

பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் பலவீனமாகின்றன. கடிதத்தை அச்செடுத்துக் கோப்பில் போடுவதும், திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், மோசடிக் கடிதத்தை வழக்கறிஞருக்கு முன்னனுப்புவதும் சான்றாக உதவுவது மிகக் குறைவு. முன்னனுப்பினால் தலைப்பகுதித் தகவல் உங்களுடையதாக மாறிவிடும். கடிதம் எந்தச் சேவையகத்திலிருந்து புறப்பட்டது என்பது மறைந்துபோகும். ஜிமெயிலில் அந்தக் கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தால், கடிதம் கடந்துவந்த பாதையும், அனுப்புநர் முகவரி அசலா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கிம் சோதனைகளில் தேறியதா என்ற குறிப்பும் தெரியும். அங்கேயே மூலக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பையும் போலிப் பில்லின் அசல் பி.டி.எஃப். கோப்பையும் புதிய பென் டிரைவ் ஒன்றில் போட்டு, பிறகு எவரும் திறந்து சேமிக்காமல் வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். அதன் முதல் பகுதியைப் பதிவை வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும்; கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண். ஓர் எழுத்து மாறினாலும் முழு எண்ணும் மாறிவிடும். விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில் சர்ட்யூட்டில் என்ற கருவியின் ஹேஷ்ஃபைல் கட்டளையைக் கோப்பின் பெயரோடும் ஷா256 என்ற முறையின் பெயரோடும் கொடுத்தால் 64 இடங்கள் கொண்ட மதிப்பு வரும். அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். ஐரோப்பியப் புலனாய்வாளரும் இதே மதிப்பைக் கணக்கிட்டுப் பார்த்துக் கோப்பு மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ள முடியும். சட்டங்கள் வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

அஞ்சல் பெட்டியில் யார், எந்த இடத்திலிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவேடுகள் நிரந்தரமாக இருப்பதில்லை. நிறுவனக் கணக்குகளிலும் பெரும்பாலும் ஆறு மாத அளவுக்குத்தான். இரு தரப்பும் அவற்றை உடனே தரவிறக்கி வைக்க வேண்டும். யாருடைய பெட்டி உடைந்தது என்பது தெரியாத நிலையில் ஆலைக்காரரோடு சண்டையைத் தொடங்க வேண்டாம்; அடுத்து அவருடைய உதவிதான் எல்லாவற்றையும்விடத் தேவைப்படப் போகிறது.

இங்கே காவல்துறையில்

1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய இணையக்குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இயங்கும் முறை உள்நாட்டு வங்கிகளை இணைப்பது. லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் உள்ள கணக்கை அது முடக்காது. ஆனாலும் புகார் எண் கிடைக்கும், அதைக் காட்டினால்தான் உங்கள் வங்கியும் ஐரோப்பிய வங்கியும் விரைந்து அசையும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 173ஆம் பிரிவு, எந்த எல்லையில் குற்றம் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. மின்னணு வழியில் தந்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பொருத்தமான பிரிவுகள் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதையின் 318, 319, 336, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி. ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை விசாரிக்க முடியும் என்பதால், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தோடு நில்லாமல் இணையக்குற்றப் பிரிவுக்கும், தொகை பெரிதானால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கும் புகாரின் படியைக் கொடுங்கள். பதிவு செய்ய மறுத்தால் துணை ஆணையருக்கு எழுதலாம். அதுவும் பலிக்காவிட்டால் நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 175(3)ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

விசாரணை அதிகாரியிடம் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். இன்டர்போல் 2022இல் தொடங்கிய ஐ-கிரிப் என்ற பணம் நிறுத்தும் முறை, சி.பி.ஐ. எனப்படும் மத்தியப் புலனாய்வுப் பிரிவில் உள்ள இன்டர்போல் பிரிவின் வழியாக இயங்குகிறது. மாநிலக் காவல்துறைகள் அந்தப் பிரிவைத் தொடர்புகொள்வதற்கென்றே 2025 ஜனவரியில் பாரத்போல் தளம் தொடங்கப்பட்டது. இதன் பலனுக்கு ஒரு வழக்கே சாட்சி. சிங்கப்பூரில் ஒரு சரக்கு வணிக நிறுவனம், வழங்குநரின் முகவரியைப் போலவே, எழுத்து சற்றே மாறிய முகவரியிலிருந்து வந்த கடிதத்தை நம்பி, 2024 ஜூலை 19 அன்று 4 கோடியே 23 லட்சம் டாலரைத் திமோர் லெஸ்தேயில் உள்ள கணக்குக்கு அனுப்பியது. 23ஆம் தேதி உண்மை தெரிந்து புகார் செய்தது. 25ஆம் தேதிக்குள் 3 கோடியே 90 லட்சம் டாலர் நிறுத்திவைக்கப்பட்டது. புகார் இரண்டு வாரம் தாமதமாகியிருந்தால் அந்தக் கணக்கில் என்ன மிஞ்சியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முறையான மற்றொரு வழி, நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 112ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வெளிநாட்டுக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதம். பிரான்சு, ஸ்பெயின் போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குக் குற்றவியல் உதவி ஒப்பந்தம் உண்டு. ஆனாலும் உள்துறை அமைச்சகம் வழியாகப் போய் வர மாதக்கணக்காகும். இணையக் குற்றத்துக்கான 2001ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், அதன் விரைவுத் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடும் நமக்கு இல்லை. குற்றவாளியைப் பிடிக்க இந்த வழி தேவை, அதை விட்டுவிடக் கூடாது. பணத்தைப் பிடிக்க இதற்கு வேகம் போதாது.

ஐரோப்பாவுக்குள் ஒரு கால் வைத்தல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் குற்றவியல் ஒத்துழைப்புச் சட்டங்கள் உறுப்பு நாடுகளுக்கிடையே மிக வேகமானவை. வெளியில் இருப்பவருக்கு மெதுவானவை. 2020 டிசம்பர் 19 முதல் நடப்பில் உள்ள 2018/1805 எண் ஒழுங்குமுறையின்படி, இத்தாலிய அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ பிறப்பிக்கும் முடக்க உத்தரவை லித்துவேனியா தன் உத்தரவைப் போலவே ஏற்க வேண்டும். அவசரம் என்று குறிப்பிட்டால் ஏற்பது பற்றிய முடிவுக்கு 48 மணி நேரம், அதன்பின் நிறைவேற்ற இன்னொரு 48 மணி நேரம். டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் இதில் இல்லை. வங்கி ஆவணங்களைப் பெற ஐரோப்பியப் புலனாய்வு ஆணை இருக்கிறது. ஏற்க 30 நாள், நிறைவேற்ற 90 நாள் என்று அதற்கும் கெடு உண்டு. மின்னஞ்சல் சேவை நிறுவனங்களிடமிருந்து நேரடியாகத் தரவு கேட்கும் 2023/1543 எண் ஒழுங்குமுறைக்குச் செயல் தேதி 2026 ஆகஸ்ட் 18. பத்து நாளில், ஆபத்து நேரங்களில் எட்டு மணி நேரத்தில், தரவு கொடுத்தாக வேண்டும் என்பது அதன் விதி.

சென்னைக் காவல்துறை இந்தக் கதவுகளில் எதையும் நேரடியாகத் தட்ட முடியாது. தட்டக்கூடியவர் உங்கள் ஆலைக்காரர். அவருடைய பெயரும் முத்திரையும் பில்லும் போலியாக்கப்பட்டிருக்கின்றன. அஞ்சல் பெட்டி உடைந்தது அவருடையது என்றால் அந்தக் குற்றமும் அவருக்கு எதிராகவே நடந்திருக்கிறது. அன்றே அவருடைய ஊர்க் காவல்துறையில் அவர் புகார் கொடுத்து, அதில் பெறும் கணக்கின் ஐபேன், தொகை, தேதி, யூ.ஈ.டி.ஆர்., சென்னைப் புகார் எண் ஆகியவற்றைச் சேர்க்கும்படி கேளுங்கள். வழக்கைப் பார்க்கும் அரசு வழக்கறிஞரிடம் முடக்க உத்தரவு கோரும்படியும் கேளுங்கள். என் பார்வையில் இந்த ஒரு வேலை மற்ற எல்லாக் கடிதங்களையும்விடப் பயனுள்ளது; ஆனால் வணிகர்கள் இதைத்தான் கடைசியில் செய்கிறார்கள், ஏனென்றால் முதல் நாளிலேயே ஆலைக்காரரைத் திருடன் என்று எழுதிவிட்டிருப்பார்கள். ஜெர்மனியில் மாநிலக் காவல்துறைகள் இணையவழிப் புகார்த் தளங்கள் நடத்துவதால், அங்கே அவர் நாற்காலியை விட்டு எழாமலே இதைச் செய்யலாம்.

கணக்கு இருக்கும் நாட்டில் நீங்களே நேரடியாகப் புகார் அனுப்பவும் தடை இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். பாதிக்கப்பட்டோர் உரிமைகள் பற்றிய 2012/29 எண் சட்டம், புகாருக்கு எழுத்து ஒப்புகை, மொழி உதவி, கைப்பற்றப்பட்ட சொத்தைத் தாமதமின்றித் திரும்பப் பெறுதல் ஆகியவற்றை உறுதி செய்கிறது; வெளிநாட்டார் என்பதால் மறுக்கக்கூடாது என்கிறது. ஆனால் அதில் பாதிக்கப்பட்டவர் என்றால் மனிதர்தான், நிறுவனம் அல்ல. உங்கள் கடை தனி உரிமையாளர் பெயரில் இருந்தால் உரிமையாளராக உங்கள் பெயரில் எழுதுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டம் கொடுக்கும் உரிமைதான். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் குற்ற வழக்கிலேயே இழப்பீடு கேட்கும் தரப்பாக நிறுவனமும் சேர முடியும்.

அதற்கு அங்கே வழக்கறிஞர் வேண்டும், அவருக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். இந்தியா 2005 முதல், ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், நோட்டரி சான்றுக்குப் பின் அப்போஸ்டில் முத்திரை பெற்றால் பல நாடுகளில் போதும். ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில் கையொப்பச் சான்று பெறும் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் முடக்கப்பட்டுவிட்டது என்ற தகவல் வராத வரை வெளிநாட்டு வழக்கறிஞருக்குச் செலவு செய்வது, சிறிய தொகைகளில், நட்டத்தை இரட்டிப்பாக்கும்.

எழுதத் தேவையில்லாத முகவரிகள்

தி ஹேகில் உள்ள யூரோபோல் தனிநபர் புகார்களை ஏற்பதில்லை. அந்தந்த நாட்டுக் காவல்துறைக்குப் போகச் சொல்லும். லக்சம்பர்க்கில் 2021 ஜூன் 1 முதல் இயங்கும் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகமும், பிரஸ்ஸல்ஸில் உள்ள ஓலாஃப் அமைப்பும் மோசடித் தடுப்பு என்ற பெயரால் கவர்ந்தாலும், அவற்றின் வேலை ஒன்றியத்தின் நிதியைக் காப்பது. உங்கள் வால்வுக்கான அட்வான்ஸ் அதில் வராது. ஏற்றுமதியும் செய்பவர்கள் வேறொரு காரணத்துக்காக இவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய எல்லையில் வசூலாகும் சுங்க வரியில் 75 சதவீதம் ஒன்றியத்துக்கே போகிறது. அதனால் "பில்லில் விலையைக் குறைத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று அங்குள்ள வாங்குநர் கேட்டு நீங்கள் இணங்கினால், அந்தக் கோப்பு ஒருநாள் லக்சம்பர்க்குக்குப் போகக்கூடும்.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகத் தாமாக வரும் தொலைபேசி அழைப்புகளை எடுக்கவே வேண்டாம். யூரோபோல் அதிகாரி, இன்டர்போல் முகவர், லண்டன் மீட்பு நிறுவனம் என எந்தப் பெயரில் வந்தாலும், முன்பணமோ கிரிப்டோவோ கேட்டால் அது இரண்டாவது மோசடி. ஏமாந்தவர்களின் பட்டியல் இவர்களுக்குள் கைமாறுகிறது.

நட்டம் யாருடையது, ஏடுகளை எப்படி முடிப்பது

சரக்கு துறைமுகத்துக்கு வந்து நிற்கும், ஆலைக்காரர் தன் பணத்தைக் கேட்பார். வேறொருவர் கணக்குக்குச் செலுத்தியதால் கடன் தீராது என்பதே பொது விதி. ஜெர்மனியில் இரண்டு தீர்ப்புகள் இதைத் தெளிவாக்குகின்றன. 2023 ஜூலையில் கார்ல்ஸ்ரூஹே மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு வணிக நிறுவனங்களுக்கிடையே நடந்த பழைய கார் விற்பனையில், போலிப் பில்லுக்குப் பணம் கட்டிய வாங்குநர் மறுபடி கட்ட வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் ஷ்லெஸ்விக் மேல்முறையீட்டு நீதிமன்றம், பில்லைப் போதிய மறையாக்கம் இல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பியது தரவுப் பாதுகாப்புச் சட்ட மீறல் என்றும், அதனால் வாடிக்கையாளர் இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னது. அங்கே வாங்கியவர் தனிமனிதர். மண்ணடிக் கடைக்கு முதல் தீர்ப்புதான் நெருக்கமானது. ஆகவே ஆலையின் அஞ்சல் பெட்டிதான் உடைந்தது என்பதற்குப் பதிவேடு இருந்தால், அதை வைத்து நட்டத்தைப் பாதியாகவோ அடுத்த ஆர்டர்களில் தள்ளுபடியாகவோ பகிர்ந்துகொள்ளப் பேசுவதே நடைமுறைக்கு ஏற்றது. வணிக உறவு பல ஆண்டுக்கானது என்றால் ஆலைக்காரரும் இதற்கு இறங்கி வருவதுண்டு.

கடைசியாக, அந்நியச் செலாவணிக் கணக்கு. இறக்குமதிக்கென்று அனுப்பிய ஒவ்வொரு தொகையும் ரிசர்வ் வங்கியின் இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவில் ஏறியிருக்கும். அதற்கு ஈடான பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க இறக்குமதி ஆவணம் பொருத்தப்படும் வரை திறந்தே கிடக்கும். சரக்கு வந்து, ஆலைக்கு இரண்டாம் முறை பணம் கட்டினால், ஒரே பில் ஆஃப் என்ட்ரிக்கு எதிரே இரண்டு செலுத்துதல்கள் நிற்கும். இரண்டாவது தொகையை அனுப்பும் முன்பே, முதல் தகவல் அறிக்கையின் படி, வங்கி அனுப்பிய திரும்பக் கோரும் செய்தியின் படி, ஆலைக்காரரின் கடிதம் மூன்றையும் இணைத்து, எந்தத் தொகை மோசடியில் போனது என்று உங்கள் வங்கிக்கு எழுதி, அதன் எழுத்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளியரிங் ஏஜென்டுக்கும் ஆடிட்டருக்கும் அதே கோப்பின் படி போக வேண்டும். ஆண்டுக் கணக்கில் இந்த நட்டத்தை எந்தத் தலைப்பில், எந்த ஆண்டில் காட்டுவது என்பதை ஆடிட்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.